பெந்தெகொஸ்தே சிவப்பு விரிப்பு எத்தனை நாள்?

பலிபீடத்துச் சிவப்பு விரிப்பை அடுத்த ஞாயிறான திருத்துவ ஞாயிறுவரை விட்டுவைக்க வேண்டாம். இங்கிலாந்து திருச்சபையின் இன்றைய ஆராதனை நூலான காமன் வொர்ஷிப் நாட்காட்டிப்படி சிவப்பு பெந்தெகொஸ்தே ஞாயிறோடு சரி. திங்கள் முதல் பச்சை, திருத்துவ ஞாயிறுக்கு வெள்ளை, பிறகு மறுபடி பச்சை.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதே திருச்சபையின் பழைய ஆராதனை நூலான 1662 பொது ஜெபப் புத்தகம். அதில் பெந்தெகொஸ்தேக்கு அடுத்த திங்களுக்கும் செவ்வாய்க்கும் தனி நிருப வாசகமும் சுவிசேஷ வாசகமும் உண்டு. அதையொட்டி வாரம் முழுக்கச் சிவப்பு விரிப்பது பழைய வழக்கம். (நிறத்தைப் பற்றி அந்தப் புத்தகம் வாயே திறக்கவில்லை!)

உங்கள் வாசகப் பட்டியலில் திங்களைப் பாருங்கள். அப்போஸ்தலர் 10:34, யோவான் 3:16 என்று தொடங்கினால் 1662 முறைதான். ஆயரிடம் கேட்டுவிட்டு விரிப்பை மாற்றுங்கள்.

பாஸ்கா மெழுகுவர்த்தியை (ஈஸ்டர் காலத்தில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி) பெந்தெகொஸ்தே ஞாயிறு கடைசி ஆராதனைக்குப் பிறகு ஞானஸ்நானத் தொட்டி அருகே நகர்த்துங்கள். பெந்தெகொஸ்தே தாமதமாக வந்து, ஜூன் 11 அப்போஸ்தலர் பர்னபா நாள் அந்த வாரத்திலேயே விழுந்தால், அன்று மட்டும் சிவப்பு.