ஒகேனக்கல் மீன் சாப்பாடு: வாசகர் கேள்விகள்

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில், காவிரிக் கரையோரம் மீனை நாமே வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் சமையல்காரப் பெண்களிடம் கொடுத்துச் சமைத்து வாங்கிச் சாப்பிடுவது நெடுநாள் வழக்கம். அது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

பெரியவர்கள் ஆறு பேர், குழந்தைகள் இரண்டு பேர் போகிறோம். என்ன மீன், எவ்வளவு வாங்கலாம்?
- வாசகி, ஓசூர்

மூன்று கிலோ போதும். செதில், செவுள், குடல் போனால் கிலோவுக்கு 800 கிராம் அளவுக்குத்தான் தேறும். கட்லாவுக்குத் தலை பெரிது என்பதால் சதை இன்னும் குறையும். மூன்று கிலோவையும் ஒரே மீனாக எடுக்காதீர்கள். குழம்புக்கு ஒன்றரை கிலோவுக்குக் குறையாத கட்லாவோ ரோகுவோ ஒன்று. வறுவலுக்குக் கால் கிலோ எடையுள்ள ஜிலேபி ஐந்தாறு. பெரிய மீனின் தலையும் வாலும் குழம்புக்கே போகட்டும். கொழுப்பெல்லாம் தலையில்தான், சாறு அதில்தான் கனக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். கட்லா, ரோகு, மிருகால் மூன்றிலும் முதுகு, வால் சதைக்குள் கவட்டைபோலப் பிரிந்த பொடி முள் ஒளிந்திருக்கும். வயிற்றுப் பக்கம் விலா முள் மட்டும்தான். அது கண்ணுக்குத் தெரியும், விரலால் உருவிவிடலாம். பிள்ளைகளுக்கு வயிற்றுத் துண்டைக் கொடுங்கள். கெளுத்தி, விரால் கிடைத்தால் இன்னும் நல்லது. சதைக்குள் பொடி முள் கிடையாது.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பாக, வழவழவென்று இருக்க வேண்டும். வெளிறியோ பழுப்பாகவோ இருந்தால் பனிக்கட்டியில் பல நாள் கிடந்த மீன். கண் குழியாமல் புடைத்திருக்க வேண்டும். வயிற்றை அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும்.

போன முறை குழம்பில் சேற்று வாடை அடித்தது. மீன் கெட்டுப்போனதா?
- வாசகர், சேலம்

இல்லை, புது மீனிலும் அந்த வாடை வரும். தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் சில மண் நுண்ணுயிரிகளும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளை உண்டாக்குகின்றன. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையும் அதே பொருள்தான். அது மீனின் கொழுப்பில் போய்த் தங்குகிறது. அதனால்தான் தண்ணீரில் பத்து முறை அலசினாலும் போவதில்லை.

செய்ய வேண்டியது மூன்று. வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைக் கத்தி முனையால் முழுக்கச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கூட்டம் அதிகமான நாளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். முதுகெலும்பை ஒட்டி உறைந்திருக்கும் இரத்தத்தைக் கட்டைவிரலால் நெருடிக் கழுவ வேண்டும். பிறகு கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், கொஞ்சம் புளிக்கரைசல் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். புளிப்பு பட்டால் அந்த வாடை குறையும். ஆற்று மீன் குழம்பில் புளி தூக்கலாக இருப்பது இதற்காகவும்தான். கிலோவுக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி வேண்டும், குறைக்கச் சொல்லாதீர்கள்.

குழம்பில் மீன் கரைந்துவிடுகிறது, வறுவலில் மசாலா எண்ணெயில் உதிர்ந்துவிடுகிறது. சமைப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும்?
- வாசகி, கிருஷ்ணகிரி

இரண்டுக்கும் பெரும்பாலும் நம் அவசரம்தான் காரணம். “அக்கா, சீக்கிரம் ஆகட்டும்” என்று நாம் நின்றால், குழம்பு கொதி வந்ததுமே மீனைப் போட்டுவிடுவார்கள். சின்ன வெங்காயமும் தக்காளியும் வதங்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி எல்லாம் சேர்ந்து பதினைந்து இருபது நிமிடம் கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்த பிறகே மீன் இறங்க வேண்டும். அதன்பின் எட்டுப் பத்து நிமிடம் போதும். கரண்டி போடக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்ற வேண்டும். இறக்கி அரைமணி நேரம் வைத்தால்தான் துண்டுக்குள் உப்பும் புளிப்பும் ஏறும்.

வறுவலுக்கு, கழுவிய மீனை நீர் வடியவிட்டு, துடைத்த பிறகே மசாலா தடவ வேண்டும். ஈரத்தின் மேல் தடவினால் நிற்காது. ஜிலேபிக்கு இரு பக்கமும் மூன்று மூன்று கீறல், அதற்குள்ளும் மசாலா, அரைமணி ஊறல். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டு, நடுத்தரத் தீயில் நாலைந்து நிமிடம் தொடாமல் விட்டால் மீன் தானாகவே சட்டியை விட்டு எழும்பும். அப்போதுதான் திருப்ப வேண்டும்.

காலை பத்து மணிக்குள் மீனைக் கொடுத்துவிட்டுப் பரிசலுக்கும் குளியலுக்கும் போய், ஒரு மணிக்கு வந்து உட்காருங்கள். கிலோவுக்கு என்ன கூலி, மசாலாவும் எண்ணெயும் யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். புகைக்கும் வெயிலுக்கும் நடுவே உட்கார்ந்து சமைத்தவரிடம், சாப்பிட்டு முடித்த பிறகு பேரம் பேசுவது சரியில்லை.

அங்கே விற்பது உண்மையிலேயே காவிரி மீன்தானா?
- வாசகர், ஈரோடு

கட்லாவும் ரோகுவும் வட இந்திய ஆறுகளின் மீன்கள். நீர்த்தேக்கங்களில் குஞ்சு விட்டு இங்கே பெருகியவை. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கெளுத்தி, ஆற்று வாளை, விரால், ஆரால் ஆகியவை நம் ஆற்றில் இயல்பாகவே உள்ளவை. நீர்வரத்து அதிகரித்தால் வலை போட முடியாது. அந்த நாட்களில் தட்டில் வருவது வளர்ப்புக் குளத்து மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கிளம்புமுன், தமிழக எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவின் நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் கூடினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை வரும்.

தோளில் திமில், பெரிய பெரிய செதில், தடித்த உதடு, வாயருகே இரண்டு ஜோடி மீசையுடன் ஒரு மீனை யாராவது நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். அது காவிரி ஆற்றுப் படுகையில் மட்டுமே வாழும் திமில் மாசீர். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று 2018-இல் பட்டியலிடப்பட்டது.

சாப்பிடும்போது குரங்குத் தொல்லை உண்டா?
- வாசகி, பெங்களூரு

உண்டு. பாலித்தீன் பையைக் கண்டாலே பறிக்க வரும். தூக்குவாளியோ மூடி உள்ள பாத்திரமோ கொண்டுபோங்கள்.

சோற்றுக்குப் பதில் ராகிக் களி கேட்கலாமா?
- வாசகர், கோவை

கேட்கலாம், தருமபுரிப் பக்கத்துச் சாப்பாடே அதுதான். ஆனால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும், எல்லா அடுப்பிலும் கிண்ட மாட்டார்கள். களிக்கு என்று சொன்னால் குழம்பைக் கொஞ்சம் நீர்க்க வைப்பார்கள். சூடாக இருக்கும்போதே கொஞ்சமாகக் கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும். மீனைக் களியோடு சேர்த்துப் பிசைய வேண்டாம். களி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்போது முள்ளும் கூடவே போய்விடும். மீனைத் தனியாக ஓரத்தில் வைத்து, முள் பார்த்துச் சாப்பிடுங்கள்.