ஓட்டத்தில் முந்தியவனை ஏன் திருப்பி அனுப்பினார்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

ராணுவ வீரர்களுக்குப் பெயர்போன கம்மவான்பேட்டை கிராமத்தைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் கணியம்பாடிப் பக்கத்துக்காரன்தான். என் தங்கை மகன் வேலூர் நேதாஜி விளையாட்டரங்கில் தினமும் விடியற்காலையில் ஓடுகிறான், 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறான். கமாண்டோ ஆக வேண்டும் என்பதே அவன் ஆசை. 'நேரடி கமாண்டோ தேர்வு' என்று சொல்லி ஒரு பயிற்சி நிலையத்தில் பெருந்தொகை கேட்கிறார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதாரோ, தம் யூனிட்டிலிருந்து கமாண்டோ தேர்வுக்குப் போனவர்களில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனைத்தான் முதலில் திருப்பி அனுப்பினார்கள் என்கிறார். அப்படியானால் எதைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள்?

ஒரு வாசகர், கணியம்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கட்ட வேண்டாம். 1984-இல் தொடங்கப்பட்ட என்.எஸ்.ஜி. என்னும் தேசியப் பாதுகாப்புப் படை, ராணுவத்திலும் காவல் படைகளிலும் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களைத்தான் அயற்பணியில் எடுத்துக்கொள்கிறது. ராணுவத்தின் கமாண்டோ பிரிவான பாரா சிறப்புப் படைக்குப் போக விரும்புகிறவன் முதலில் சிப்பாயாக வேண்டும். பிறகு தானாகவே முன்வந்து, மாதக்கணக்கில் நீளும் தகுதிகாண் காலத்தைத் தாண்ட வேண்டும். பெங்களூரில் உள்ள பாராசூட் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்கே ஒருவன் நேராக ஒதுக்கப்பட்டாலும் இதில் மாற்றமில்லை. உங்கள் மருமகனின் ஐந்தரை நிமிட ஓட்டம் அக்னிவீர் உடற்தகுதித் தேர்வில் 60 மதிப்பெண் பெற்றுத் தரும். நல்ல விஷயம்தான், ஆனால் அது ராணுவத்தின் வாசல் வரைக்கும்தான்.

சுபேதார் சொன்னதை நான் நம்புகிறேன். இத்தகைய தேர்வுமுறை எதற்காக உண்டானது என்பதைப் பார்த்தால் அதன் காரணமும் விளங்கும். 1950-இல் மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு போரிட பிரிட்டிஷார் ஒரு சிறப்புப் படையை அவசர அவசரமாகத் திரட்டினார்கள். முறையான தேர்வு எதுவும் இல்லாததால் நல்ல வீரர்களோடு, மற்ற படைப்பிரிவுகள் தங்களுக்கு வேண்டாமென்று தள்ளிவிட்டவர்களும் வந்து சேர்ந்தார்கள். குடியும் ஒழுங்கீனமும் அந்தப் படையின் பெயரைக் கெடுத்தன. அங்கே பணியாற்றிய ஜான் வுட்ஹவுஸ் என்ற அதிகாரி 1952-இல் இங்கிலாந்து திரும்பி அமைத்த தேர்வுமுறையே, எஸ்.ஏ.எஸ். என்னும் பிரிட்டிஷ் சிறப்புப் படைக்கு வேல்ஸ் மலைகளில் இன்றும் நடக்கும் தேர்வுக்கு அடிப்படை. ஆக, பலசாலியைக் கண்டுபிடிப்பதைவிட, யாரும் பார்க்காத இடத்தில் எப்படி நடந்துகொள்வான் என்று தெரியாத ஆளைத் தவிர்ப்பதே அதன் முதல் நோக்கம்.

அந்த மலைகளில் ஒவ்வொருவனும் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு தனியாகவே போக வேண்டும். வரைபடத்தில் கோடு போடக் கூடாது, போகும் வழி தெரியும்படி மடிக்கவும் கூடாது. சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரி 'இப்போது எங்கே இருக்கிறாய்?' என்று கேட்டால், விரலால் காட்டினால் பாதி மலை மறைந்துவிடும் என்பதால், ஒரு புல்லின் நுனியால் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அதிகாரி அடுத்த இடத்தைச் சொல்வார். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். திட்டினால்கூட நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். அந்த ஆறுதல்கூட அங்கே கிடையாது. மலைக் கட்டத்தின் இறுதியில், ஏறத்தாழ 25 கிலோ சுமையோடு, துப்பாக்கியும் தண்ணீரும் தனியாக, 64 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும்.

அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படைத் தேர்வில் வந்தவனின் பெயரை எடுத்துவிட்டு எண்ணால் அழைக்கிறார்கள். எவ்வளவு தூரம் என்று சொல்லாமலே சுமையோடு நடக்கவிடுகிறார்கள். உடன் இருப்பவர்களிடமே ஒருவரைப் பற்றி ஒருவர் மதிப்பீடும் வாங்குகிறார்கள்.

மைதானத்தில் முந்துகிறவனுக்குச் சிக்கல் இங்கேதான். எத்தனை சுற்று, எங்கே முடிவு என்று தெரிந்தால்தான் அவனால் மூச்சைப் பங்கிட்டு ஓட முடியும். முடிவு எங்கே என்று தெரியாதபோது, உடம்பில் தெம்பு மிச்சமிருக்கும்போதே மனசு விட்டுப்போகிறது. தூக்கமில்லாத மூன்றாம் நாள் வரைபடத்தைத் தப்பாகப் படித்துவிட்டு அதைச் சரி என்று சாதிக்கிறவனும், தன் சுமையை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் தடுமாறுகிறவனைக் கவனிக்காதவனும் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. உங்கள் சுபேதார் கண்ட பையன் இதில் எந்த வகை என்று அவரையே கேளுங்கள், கட்டாயம் நினைவிருக்கும்.

இதற்காக வதைப்பதெல்லாம் தேர்வு என்று நான் சொல்ல மாட்டேன். 2013 ஜூலையில், கடும் வெயில் நாளொன்றில், அதே வேல்ஸ் மலைகளில் எஸ்.ஏ.எஸ். ரிசர்வ் பிரிவுக்கான நடையில் மூன்று பேர் வெப்பத்தால் இறந்தார்கள். பாதியில் நிற்காதவனைத் தேடும் தேர்வில், நிற்கச் சொல்ல வேண்டியது நடத்துகிறவரின் பொறுப்பு. வேல்ஸ் வெயிலே ஆளைக் கொல்லும் என்றால் நம் வேலூர்க் கத்திரியைச் சொல்லவே வேண்டாம். மருமகன் மே மாதப் பகலில் முதுகில் மணல்மூட்டையோடு பாலமதி மலை ஏறக் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.

இப்போதைக்கு அவன் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கட்டும்; ஓட்டத்தை விடாமல், நீச்சலும் வரைபடம் பார்த்து நடக்கும் பழக்கமும் சேர்த்துக்கொள்ளட்டும். முதுகுச் சுமைப் பயிற்சிக்கு அவசரமில்லை, முழங்கால் கெட்டால் மருத்துவப் பரிசோதனையிலேயே கதை முடிந்துவிடும். அந்தப் பயிற்சி நிலையத்துக்கு முன்பணம் எதுவும் கட்டியிருந்தீர்களானால், ரசீதை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கேளுங்கள்.