வாராக்கடனும் கடன் குறிப்புகளும்: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நிறுவனம் தவணை தவறிய பிறகுதானே வங்கி இழப்புக்காக ஒதுக்கீடு (லாபத்திலிருந்து எடுத்து வைக்கும் தொகை) செய்ய வேண்டும்?

பதில்: அது பழைய முறை. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலையின்படி, ஒழுங்காகத் தவணை கட்டும் கடனுக்கும், அடுத்த 12 மாதங்களில் அது தவறக்கூடும் என்பதால் எதிர்பார்க்கப்படும் இழப்பை ஒதுக்க வேண்டும்; இது முதல் நிலை. தவணை 30 நாள் கடந்துவிட்டால், மாறான சான்று இல்லாதவரை, அபாயம் கணிசமாகக் கூடியதாகக் கொண்டு, கடன் காலம் முழுமைக்குமான இழப்பை இரண்டாம் நிலையில் கணக்கிடுகிறார்கள். கடன் வாராது என்பதற்கான சான்று கிடைத்துவிட்டால் மூன்றாம் நிலை. அங்கே வட்டி வருமானத்தையும் ஒதுக்கீடு போக மீதியுள்ள தொகைக்கே கணக்கில் எடுக்கலாம். 100 கோடிக் கடனுக்கு 40 கோடி ஒதுக்கியிருந்தால், 10 சதவீத வட்டியில் வருமானம் 6 கோடிதான். வாராக்கடன் விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். இரண்டாம் நிலைக்கு எவ்வளவு நகர்ந்தது என்பதை நிதி அறிக்கையின் குறிப்புகளில் தேடிப் படியுங்கள்.

கேள்வி: கடனுக்கு ஈடான சொத்து பிணையமாக இருக்கும்போது ஒதுக்கீடு எதற்கு?

பதில்: கடன் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கடனாளியின் திருப்பிச் செலுத்தும் திறன் தீர்மானிக்கிறது, பிணையம் இழப்பின் அளவைக் குறைக்குமே தவிர, நிலையை மாற்றாது.

கேள்வி: மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை. 100 கோடிக் கடனுக்கு 100 கோடிச் சொத்து இருந்தால் இழப்பு எங்கிருந்து வரும்?

பதில்: காலத்திலிருந்து வரும். வழக்கு முடிந்து சொத்து விற்க மூன்று ஆண்டுகள் ஆகும் என்றால், அன்று கிடைக்கும் 100 கோடியின் இன்றைய மதிப்பு, கடனின் 10 சதவீத மூல வட்டியில், ஏறத்தாழ 75 கோடி. விற்பனைச் செலவைச் சேர்க்காமலே 25 கோடி குறைகிறது. இந்தக் காலத்தாமதத்தைக் கணக்கில் எடுக்காத மதிப்பீட்டை நம்பி யாரும் முதலீடு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சொத்தின் விலை ஏறினால்?

பதில்: ஏறும் என்பதற்குச் சான்று காட்டுங்கள், கணக்கீட்டில் சேர்க்கலாம். விருப்பத்தைச் சேர்க்க முடியாது.

கேள்வி: நிறுவனத்தின் ஐந்தொகையில் அது வாங்கிய கடன் 500 கோடி, எப்போது எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் முதிர்வு அட்டவணையிலோ 640 கோடி. பிழையா?

பதில்: பிழையாக இருக்க வேண்டியதில்லை. அட்டவணையில் எதிர்கால வட்டியும் சேர்ந்து, இன்றைய மதிப்புக்குக் குறைக்கப்படாத தொகையாக வரும்.

கேள்வி: வங்கிக் கடனுக்கான நிதி விகித நிபந்தனையை நிறுவனம் ஆண்டிறுதியில் மீறியது; அடுத்த மாதமே வங்கி விலக்கு அளித்தது. நீண்டகாலக் கடன்தானே?

பதில்: அல்ல. ஆண்டிறுதி நாளில் வங்கி உடனே பணத்தைக் கேட்கும் உரிமை பெற்றிருந்தால், அது நடப்புக் கடனே, அதாவது குறுகியகாலக் கடன். பின்னால் வந்த விலக்கு குறிப்பில் மட்டுமே இடம்பெறும். இந்தக் குறிப்பைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: எந்த வங்கிப் பங்கை வாங்கலாம்?

பதில்: பங்குப் பரிந்துரை என் துறை அன்று, உரிமம் பெற்ற ஆலோசகரை அணுகுங்கள்.

கேள்வி: கணக்கிலிருந்து நீக்கிய கடன் தள்ளுபடி ஆகிவிட்டதா?

பதில்: இல்லை. வசூலிக்கும் உரிமை தொடரும். ஆனால் நீக்கியதும் வாராக்கடன் விகிதம் தானாகக் குறையும். ஆகவே அந்த ஆண்டில் நீக்கியது எவ்வளவு, அதில் வசூல் நடவடிக்கை தொடர்வது எவ்வளவு என்ற இரண்டையும் குறிப்பில் பார்த்த பிறகே, கடன்களின் தரம் உயர்ந்ததா என்று முடிவு செய்யுங்கள்.