மும்பையில் இருக்கும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள்

கேள்வி: சிறிய மருத்துவ ஆய்வுகூடம் நடத்துகிறேன். ஆறு வருட அறிக்கைகள் கிளவுட்டில் இருக்கின்றன. சேர்வர் மும்பையில் என்கிறார்கள். நோயாளர் விபரத்தை வெளிநாட்டில் வைப்பது சட்டவிரோதம், உடனே எங்கள் உள்நாட்டு கிளவுட்டுக்கு மாறுங்கள் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி பயமுறுத்திவிட்டுப் போனார். உண்மையா, அண்ணை?
- யாழ்ப்பாணம், திருநெல்வேலி வாசகி

தங்கச்சி, வந்தவர் சட்டத்தில் தனக்கு வசதியான பாதியை மட்டும் வாசித்திருக்கிறார். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ‘நாட்டுக்குள்ளேயே வைத்திரு’ என்ற கட்டுப்பாட்டை அரச நிறுவனங்களுக்குத்தான் போட்டது. தனியாருக்கு வழி விட்டது: தரவு இருக்கும் நாடு அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், அல்லது ஒப்பந்தத்தில் தகுந்த பாதுகாப்பு எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆபத்தை விளக்கி நோயாளியின் சம்மதம் வாங்க வேண்டும். சுகாதாரத் தகவல் விசேட வகை என்பதால் உங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. மீறினால் தண்டப்பணம் 1 கோடி ரூபா வரை போகலாம். முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் அமுலாக இருந்து தள்ளிப்போனது வேறு கதை. அதை நம்பிக் கைகட்டி இருக்காதீர்கள். நாளைக்கு ஓர் அரச நிறுவனத்துக்குப் பரிசோதனை செய்து கொடுக்க ஒப்பந்தம் எடுத்தால், சேர்வர் எங்கே என்பதுதான் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும்.

அமேசான், மைக்ரோசொப்ட், கூகிள் மூன்றுக்குமே இலங்கையில் கிளவுட் நிலையம் இல்லை. கிட்டியது இந்தியா, பிறகு சிங்கப்பூர். மைக்ரோசொப்ட்டுக்குச் சென்னையிலேயே ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் கொழும்புக்கும் சென்னைக்கும் பெரிய தூர வித்தியாசமில்லை. பலாலியில் விமானம் ஏறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உள்நாட்டில் இருந்தால் பத்திரம் என்பதும் சரியில்லை. 2023 இல் அரச ஈமெயில்களை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அவை நம் அரச கிளவுட்டில், நாட்டுக்குள்ளே இருந்தவைதான். தனியே கழற்றி வைத்த பிரதி இல்லை, அவ்வளவுதான் காரணம். சுன்னாகத்தில் ஒரு கடையில் நானே பார்த்தேன்: மேசைக்குக் கீழே சேர்வர், அதன் தலையில் பிரதி எடுத்து வைக்கும் பக்கப் டிஸ்க், இரண்டுக்கும் நேர் மேலே உடைந்த ஓடு. மாரி மழையில் ஒரே இரவில் இரண்டும் போயின. டிஸ்க்கைத் தூக்கிச் சாய்த்தபோது தண்ணீர் சொட்டியது. முதலாளி அதை வெயிலில் காயவைத்திருந்தார், ஒடியல் காயவைப்பதுபோல.

அதனால் பிரதிநிதி கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். கிளவுட் கணக்கு யாருடைய ஈமெயிலில் திறந்தது? போன மாதம் இன்னொரு ஆய்வுகூடத்தில் இதைக் கேட்டேன். “எங்களிடம் வேலை செய்த தம்பியின் ஈமெயில், அவர் இப்போது கனடாவில், ஸ்காபரோவில்” என்றார்கள். மும்பையை விட ஸ்காபரோதான் எனக்குப் பயம். முதலில் கணக்கை ஆய்வுகூடத்தின் பெயருக்கு மாற்றுங்கள். எந்த நகரத்தில் வைக்கிறார்கள், யார் திறந்து பார்க்கலாம், நீங்கள் விலகினால் எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று கிளவுட்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். மாதம் ஒரு தடவை ஒரு பிரதியை டிஸ்க்கில் இறக்கிப் பூட்டிட்டு வீட்டில் வையுங்கள். கூரை ஓடுகளையும் ஒருக்கால் பாருங்கள்.

கேள்வி: பருத்தித்துறை வடை, பனங்கட்டி எல்லாம் பிரான்சுக்கு அனுப்புகிறோம். வாங்குகிறவர்களின் முகவரிகளை ஐரோப்பாவிலேயே வைக்க வேண்டுமா?
- பருத்தித்துறை வாசகர்

இல்லை. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத் தரவுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அங்குள்ளவர்களைக் குறிவைத்து விற்றால், நீங்கள் பருத்தித்துறையில் இருந்தாலும் அந்தச் சட்டம் உங்களையும் தொடும். அழிக்கச் சொன்னால் பொதுவாக அழிக்க வேண்டும். அதற்கு அந்த எக்செல் கோப்பு எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். பொதி கட்டுகிறவர், கூரியர்காரர், பாரிஸ் லாச்சப்பல் கடையிலிருக்கும் மச்சான் மூவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் டியூட்டரியின் பிள்ளைகள் விபரம் இலவச கூகிள் டிரைவில். எந்த நாட்டில் என்று தெரிவு செய்ய முடியுமா?
- நல்லூர் வாசகர்

இலவசக் கணக்கில் முடியாது. அது இருக்கட்டும், பிள்ளைகளின் தகவலும் விசேட வகைதான் என்பதை மறக்காதீர்கள். அந்த 15 ஜிபிக்குள் உங்கள் வீட்டுக் கலியாணப் படங்களும் இருக்கும் என்று நினைக்கிறேன். அல்பத்தைப் பார்க்க மருமகனுக்குக் கொடுத்த பாஸ்வேர்ட்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அப்புறம் டியூட்டரிக்கு என்று தனிக் கணக்கு ஒன்று திறவுங்கள்.