எல்லைக்கோடு முதல் கருத்துக்கேட்பு வரை: ஏ.ஐ. பற்றிக் கடலோரக் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. மீனவர் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் டிஜிட்டல் பயிற்சி கொடுத்துவரும் நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

தங்கச்சிமடம், விசைப்படகு உரிமையாளர்: பையன் செல்போன்ல ஏ.ஐ.கிட்ட கடல்ல இலங்கை எல்லைக்கோடு எங்கேன்னு கேட்டு, அது சொன்ன நம்பரை ஜி.பி.எஸ்.ல ஏத்திட்டான். பழைய புள்ளியோட ஒத்துவரல. எது சரி?

முதல் வேலையாக அந்தப் புள்ளியை அழித்துவிடுங்கள் அண்ணே. சாட்பாட் அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதும் கருவி. எண்ணையும் அப்படித்தான் எழுதும். 9, 79 என்று தொடங்கி நம்பும்படியாக ஒன்றை அடுக்கிவிடும். அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு பதிலைப் புனையும்.

ஏ.ஐ. சரியான எண்ணையே கொடுத்திருந்தாலும் ஏற்றும்போது தப்பலாம். பாக்கு நீரிணைக்கான 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஆறு புள்ளிகள் உண்டு. நான்காவது புள்ளி வடக்கு 9° 21.80', கிழக்கு 79° 30.70'. இது டிகிரியும் நிமிடமும். இதையே டெசிமல் டிகிரியில் எழுத நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 9.3633, 79.5117. செல்போன் மேப்பும் ஏ.ஐ.யும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவத்தில்தான் கொடுக்கும். படகு ஜி.பி.எஸ். பெரும்பாலும் முதல் வடிவத்தில் இருக்கும். 9.3633 என்பதை 9° 36.33' என்றும், 79.5117 என்பதை 79° 51.17' என்றும் ஏற்றினால் புள்ளி வடக்கே 27 கிலோமீட்டரும் கிழக்கே 37 கிலோமீட்டரும் நகர்ந்துவிடும். இலங்கையின் நெடுந்தீவையும் தாண்டிப் புங்குடுதீவுப் பக்கம் போய் விழும். "இன்னும் எல்லை வரலையே" என்று படகு போய்க்கொண்டே இருக்கும்.

கருவியில் செட்டப், பிறகு பொசிஷன் ஃபார்மட் என்று போய் எந்த வடிவம் என்று பாருங்கள். மேப் டேட்டம் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்க வேண்டும். டிகிரிக்கு அடுத்த இரண்டு இலக்கம் 60-க்கு மேல் இருந்தால் அது நிச்சயம் நிமிடம் அல்ல. 60-க்குக் கீழே இருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் கருவி மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். ஏற்றியபின் ஒரு சோதனை: ஜெட்டியில் நின்று இப்போதைய இடத்தைப் பதிந்து, அங்கிருந்து எல்லைப்புள்ளிக்கு எத்தனை நாட்டிகல் மைல் காட்டுகிறது என்று பழைய ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். புள்ளிகளை மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்தாக வாங்குங்கள். அலாரத்தை எல்லைமேல் வைக்காமல் 2 மைல் உள்ளே வையுங்கள். நீரோட்டத்தில் வலை இழுக்கும்போது அந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது.

பாம்பன், நாட்டுப்படகு: மீன் இருக்குற இடம்னு மெசேஜ் வருது. போனா சில நாள் ஒண்ணுமில்ல. ஏ.ஐ. ஏமாத்துதா?

அது ஏ.ஐ. இல்லை, செயற்கைக்கோள் படம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் பார்த்து, சூடான நீரும் குளிர்ந்த நீரும் முட்டும் விளிம்பை வரைகிறது. இரை சேருமிடம் அது. மேகம் மூடினால் வெப்பம் தெரியாது. வடகடலில் (பாக்கு நீரிணைப் பக்கம்) ஆழம் குறைவு, சேறு கலங்கும். கலங்கல் நீரைப் பச்சையம் என்று கணக்கு தப்பாகக் கூட்டிவிடும். தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. விளிம்பும் நீரோட்டத்தோடு நகரும், முந்தாநாள் தகவலை நம்பி டீசல் எரிக்காதீர்கள்.

இன்னொன்று, இது சாளை, சூரை மாதிரி மேல்நீர் மீனுக்குத்தான். நண்டுவலைக்கும் இறாலுக்கும் உதவாது. தகவலில் இறங்குதளத்தின் பெயர், திசை, தூரம், ஆழம் என்று வரிசையாக இருக்கும். ஆழம் மீட்டரில் வரும், பாகத்தில் (ஃபேதம்) வேண்டுமானால் 1.83-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். காட்டும் இடம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளை ஒட்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தத் தகவல் மீனைத்தான் பார்க்கிறது, சட்டத்தைப் பார்ப்பதில்லை.

மண்டபம், கல்லூரி மாணவர்: ஏ.ஐ. வானிலை மாதிரிகள் வந்துவிட்டனவே. இனி பாம்பன் புயல் கூண்டு தேவையா?

தேவை. ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரியில் ஏ.ஐ. மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் அது கெட்டிக்காரன், பழைய மாதிரியைவிட மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால் அது கடலைச் சுமார் 30 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. பாம்பன் கால்வாய் 2 கிலோமீட்டர் அகலம். ஒரே கட்டத்துக்குள் வடகடலும் தென்கடலும் விழுந்துவிடும். வாடைக் காற்றில் வடகடல் பொங்கும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும், ஆடியில் அப்படியே மாறும். சராசரி எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தாது. ஐந்து நாள் திட்டத்துக்கு ஆப் பாருங்கள். அன்றைக்குப் படகு எடுப்பதா என்பதை வானிலைத்துறை எச்சரிக்கையும் மீன்வளத்துறை தரும் டோக்கனும் முடிவு செய்யட்டும்.

ராமேஸ்வரம், சங்க நிர்வாகி: படகில் மாட்டும் டிரான்ஸ்பாண்டர் நம்மைக் கண்காணிக்கவா, காப்பாற்றவா?

இரண்டும்தான். மறைத்துப் பேசிப் பயனில்லை. 2024 ஆகஸ்டில் தேசிய அளவில் தொடங்கிய திட்டம், ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசம். டவர் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி போகும். ஆபத்துப் பொத்தான் உண்டு, எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். கூடவே படகு இருக்கும் இடமும் கரைக்குப் போகிறது.

மாட்டாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மாட்டுவதற்கு முன் சங்கம் எழுத்தாகக் கேட்க வேண்டியவை உண்டு. தகவல் எத்தனை நாள் வைக்கப்படும்? மீன்வளத்துறை தவிர யாருக்குப் போகும்? டீசல் மானியத்தை நிறுத்த அதைச் சான்றாக எடுப்பார்களா? பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். "ஏன்" என்று கேட்டால் "விளக்கம் தர இயலாது" என்று முடித்துவிடுவார்கள். "இந்தத் தகவலைப் பகிர்வது தொடர்பான ஆணை, சுற்றறிக்கை ஆகியவற்றின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பாசி எடுக்கும் பெண்கள் குழு சார்பாக ஒரு தங்கை: அம்மாவுக்கு ரேஷன் கடையில் கைரேகை விழவே இல்லை. கருவி பழுதுன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க.

கருவியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு, தங்கச்சி. பாறையில் உரசி உரசி விரல் நுனியில் மேடு தேய்ந்திருக்கும். துணி சுற்றிக்கொண்டு எடுத்தாலும் உப்புத்தண்ணீரில் தோல் ஊறிச் சுருங்கிவிடும். கடலிலிருந்து வந்த கையோடு கடைக்குப் போகாமல், மறுநாள் கழுவித் துடைத்து, துளி எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பத்து விரலையும் முயற்சி செய்யச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான் அதிகம் தேயும். மோதிரவிரல் பல பேருக்கு விழும். எது விழுந்ததோ அதை ஒரு சீட்டில் குறித்துவையுங்கள். அப்படியும் இல்லையென்றால் கண் கருவிழிப் பதிவு கேளுங்கள். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிப்பதும் நல்லது.

எது விழாவிட்டாலும் அரிசி மறுக்கக் கூடாது. ஆதார் சரிபார்ப்பு தோற்றதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத்துறை 2017 அக்டோபர் 24-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மறுத்தால் தேதி, நேரம் எழுதி வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு, கூடவே முதல்வர் உதவி எண் 1100-ல் புகார். மனிதக் கை தேய்ந்ததற்கு இயந்திரம் "ஆள் இல்லை" என்று முடிவு கட்டுவதுதான் இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்குப் பிடிக்காத இடம்.

சாயல்குடி பக்கம், ஊராட்சி முன்னாள் உறுப்பினர்: எங்க பகுதிக்கு ஒரு திட்டம் வருது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் தளத்தில் நானூறு பக்க ஆங்கில பி.டி.எஃப். இருக்கு. ஏ.ஐ.யில் போட்டு ஒரு பக்கச் சுருக்கம் எடுத்தா, அதை வெச்சு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசலாமா?

சுருக்கத்தை வைத்துப் பேசாதீர்கள் ஐயா. அந்த அறிக்கையை எழுதுவது திட்டக்காரர் சம்பளம் கொடுத்து அமர்த்திய ஆலோசகர். "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்ற வரி ஐம்பது இடத்தில் வரும். எது அடிக்கடி வருகிறதோ அதைத்தான் ஏ.ஐ. சுருக்கமாக எடுக்கும். நீங்கள் திட்டக்காரரின் வாதத்தை அவருக்கே திருப்பிச் சொல்வதாக முடியும்.

வேறு வழி இது. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒரு தடவைக்கு 30, 40 பக்கம் மட்டும் கொடுங்கள். மூன்றாவது அத்தியாயம் இப்போதுள்ள சூழல், நான்காவது பாதிப்பு, ஆறாவது கண்காணிப்புத் திட்டம். இவை மூன்றும்தான் உயிர்நாடி. சுருக்கம் கேட்காமல் கேள்வி கேளுங்கள்: தண்ணீர் மாதிரி எந்த மாதம், எந்த இடங்களில் எடுத்தார்கள்? மழைக்காலத் தரவு இருக்கிறதா? பொதுவாக மழை தவிர்த்த ஒரு பருவம் போதும் என்பதால் ஐப்பசி, கார்த்திகைக் கடல் அறிக்கையில் இருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை கனமீட்டர் கழிவுநீர், எந்த வெப்பத்தில் கடலுக்குப் போகும்? அருகிலுள்ள மன்னார் வளைகுடாத் தீவு எத்தனை கிலோமீட்டர்? ஒவ்வொரு பதிலுக்கும் பக்க எண்ணும் ஆங்கில மூலவரியும் கொடு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஸ்கேன் செய்த அட்டவணையில் ஏ.ஐ. ஒரு பத்தி தள்ளிப் படித்துவிடும், 3.2 இருக்கிற இடத்தில் 32 வரும்.

தமிழ்ச் சுருக்க அறிக்கையில் இன்னொரு பொறி. பல கோப்புகள் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் நல்ல தமிழ், காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. அதைக் கொடுத்தாலும் ஏ.ஐ. "புரியவில்லை" என்று சொல்லாது, ஊகித்து ஒரு கதை எழுதும். பக்கத்தைப் படமாக எடுத்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்க வையுங்கள்.

கூட்டத்தைப் பற்றி: 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகிவிடும். முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் பேசிய பிரச்சினைகளைத் தமிழில் வாசிக்க வேண்டும், உங்கள் கருத்து விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். எழுத்தாகவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முதலில் அந்தத் திட்டம் எந்த வகை என்று பாருங்கள். எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் 2020 ஜனவரித் திருத்தத்தில் பி2 வகைக்குப் போய்விட்டன, அவற்றுக்குக் கருத்துக்கேட்பே இல்லை. அப்போது உங்களுக்கு இருக்கும் மேடை கிராம சபைதான்.

அவரே மீண்டும்: மனுவை ஏ.ஐ.யில் எழுதி முந்நூறு பேரிடம் கையெழுத்து வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் முந்நூறும் ஒரே வாசகம் என்றால் தொகுப்பில் ஒரே வரியாக முடிந்துவிடும். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த இரண்டு வரி எழுதட்டும்: எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டு), எந்த மாதத்தில், என்ன வலை, என்ன மீன். அதை எழுத்துப்பிழை திருத்த ஏ.ஐ. போதும். சட்டப்பிரிவு, அரசாணை எண் என்று அது தானாகச் சேர்ப்பதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஒரு பொய் அரசாணை எண் இருந்தாலே மனுவை ஓரங்கட்டக் காரணம் கிடைத்துவிடும்.

கீழக்கரை, ஆசிரியை: ஏ.ஐ. தண்ணீரையும் மின்சாரத்தையும் குடிக்கிறது என்கிறார்களே, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ஒரு கேள்விக்கு எவ்வளவு என்பதையும் மொத்தம் எவ்வளவு என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள் டீச்சர். தன் ஜெமினியில் நடுத்தரமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட் மணி மின்சாரம், 0.26 மில்லி தண்ணீர் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் சொன்னது. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றரை நிமிடம் எரிகிற அளவு. நிறுவனம் தானே சொன்ன கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மொத்தமாகப் பார்த்தால் உலகத் தரவு மையங்கள் 2024-ல் சுமார் 41,500 கோடி யூனிட் எடுத்தன, 2030-ல் 94,500 கோடியை நெருங்கும் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணிக்கிறது. நம் மாவட்டத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. ஆனால் தரவு மையத்துக்கு இரவு 2 மணிக்கும் அதே அளவு மின்சாரம் வேண்டும். "சோலார் இருக்கே" என்று பிள்ளைகள் சொன்னால் அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

தொண்டி, கடைக்காரர்: தேர்தல் நேரத்தில் தலைவர் பேசியதாக வாட்ஸ்அப்பில் ஆடியோ வருது. போலின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காதால் கண்டுபிடிக்கும் காலம் போய்விட்டது. கண்டறியும் ஆப்களும் வாட்ஸ்அப் நசுக்கிய ஆடியோவில் தடுமாறும். எந்த ஊர்க் கூட்டம், எந்தத் தேதி, முழு வீடியோ எங்கே என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் ஆப்பில் இதைப் புகார் செய்ய முடியாது, அதில் அந்த இடத்திலேயே பதிவுசெய்யும் படம், வீடியோ, ஆடியோ மட்டும்தான் ஏறும். பணம் கொடுப்பதைப் பார்த்தால் அதற்கு அது சரி. போலி ஆடியோவுக்குத் தேர்தல் அலுவலருக்கு எழுத்தாகவும், சைபர் கிரைம் தளத்திலும் புகார் செய்யுங்கள். கோப்பை அழிக்காமல், வந்த எண்ணும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் வையுங்கள். நீதிமன்றம் போனால் மின்னணுப் பதிவுக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மூலக்கோப்பு இருக்கும் போனே வேண்டும்.

தேவிபட்டினம், இளைஞர் மன்றம்: கடல்புல் எங்கெல்லாம் அழிஞ்சிருக்குன்னு ட்ரோன் படம் எடுத்து ஏ.ஐ.யில் வரைபடம் போடலாமா?

போடலாம் தம்பி, ஆனால் பறக்கவிடும் முன் ட்ரோன்களுக்கான மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பாருங்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளம் இருப்பதால் சிவப்புப் பகுதியில் விழலாம், அங்கே மத்திய அரசு அனுமதி இல்லாமல் முடியாது. பூங்காத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதி தனி. அனுமதி கிடைத்தால் வற்றுநேரத்தில், காற்று எழும்பும் முன், காலையிலேயே எடுங்கள். உச்சி வெயிலில் நீர் பளபளத்துப் படம் வெளுத்துவிடும். கருப்பாகத் தெரிவதெல்லாம் கடல்புல் அல்ல. பாசியும் பாறையும் அதே நிறம், ஏ.ஐ. மூன்றையும் குழப்பும். வரைபடத்தில் முப்பது புள்ளியாவது குறித்து, படகில் போய்க் குனிந்து பார்த்து, எத்தனை பொருந்தியது என்று வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். அந்த எண் இல்லாமல் வனத்துறையிடம் கொண்டுபோனால் வாங்கி மேசையில் வைத்துவிடுவார்கள்.