நரி எதைத் தேடி வருகிறது? தோட்டக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நரி நடமாடும் இடத்தில்தான் பன்னிரண்டு வருஷமாகக் காய்கறித் தோட்டம் போடுகிறேன், கோழியும் வளர்க்கிறேன். ஒரே ராத்திரியில் ஏழு கோழிகளைப் பறிகொடுத்த பிறகுதான் நரியைப் பற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். சேர்ந்துபோன கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நரி, குள்ளநரி என்ற பெயர்களை நாம் இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்கிறோம். நான் இங்கே பேசுவது செந்நரியைப் பற்றி: கூர்மையான மூஞ்சி, மெலிந்த கால்கள், நுனி வெளுத்த அடர்த்தியான வால்.

அக்கா, காலையில் எழுந்து பார்த்தால் பாத்தி முழுக்கக் குழிகள். நாயா, பெருச்சாளியா, நரியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

குழியை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள், காலடியைப் பாருங்கள். பொழுது சாய்கிற நேரத்தில் பாத்தி ஓரமாகச் சலித்த மணலைப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து வையுங்கள். நரியின் அடி ஒடுக்கமாக, நீள்வட்டமாக, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நாயின் அடி அகலமாக விரிந்திருக்கும். நடைத்தடத்திலும் வித்தியாசம் உண்டு. முன்கால் பதிந்த இடத்திலேயே பின்காலையும் வைத்து நரி நடக்கும், அதனால் தடம் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போகும்.

அடுத்தது மலம். ஒரு முனை முறுக்கிக் கூர்மையாக இருக்கும். பிரிந்து கிடந்தால் உள்ளே ரோமம், பழக்கொட்டை, வண்டின் ஓடு எல்லாம் தெரியும். அதை மறைவில் போடாது. கல்லின் மேல், வரப்பின் மேல், சில நேரம் வாசலில் கழற்றிவிட்ட செருப்பின் மேலேயே போட்டுவிட்டுப் போகும். இது என் இடம் என்று மற்ற நரிகளுக்குச் சொல்வதற்காகத்தான் அப்படிச் செய்கிறது.

புதிதாக நட்ட நாற்றை மட்டும் தோண்டிப் பிடுங்கிப் போடுகிறது. இலையைக்கூடத் தின்னவில்லை. செடி மேல் என்ன கோபம்?

செடி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நடும்போது குழியில் என்ன உரம் போட்டீர்கள்? எலும்புத்தூள், ரத்தத்தூள், மீன் கழிவில் செய்த உரம், இவற்றில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். அடியில் ஏதோ செத்துப் புதைந்து கிடக்கிறது என்று நினைத்து நரி தோண்டும். என் தோட்டத்தில் ஒரே நாளில் நாலு ரோஜாப் பதியன் வைத்தேன். மூன்றாவது குழியோடு எலும்புத்தூள் தீர்ந்துவிட்டது, நாலாவதற்கு வெறும் தொழுவுரம்தான். மறுநாள் காலையில் மூன்று செடிகள் வேரோடு மல்லாந்து கிடந்தன. நாலாவது ஓர் இலைகூட வாடாமல் நின்றது.

ஆகவே நரி வரும் தோட்டத்தில் விலங்குக் கழிவு உரங்களை நிறுத்திவிடுங்கள். தொழுவுரம், மட்கிய இலை, புண்ணாக்கு போதும். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் பாத்தியின் மேல் கம்பிவலையைப் பரப்பி, நாலு பக்கமும் வளைகம்பி அடித்துத் தரையோடு இறுக்குங்கள். செடி வேர் பிடிக்கும் வரை வலை இருக்கட்டும். நரி இரண்டு ராத்திரி வந்து கீறிப் பார்க்கும், கால் வலையில் தட்டினால் விட்டுவிடும்.

அப்புறம், கிளறிவிட்ட ஈர மண்ணில் மண்புழு மேலே வரும். மண்புழுவை நரி ஆசையாகத் தின்னும். அதனால் சாயங்காலம் தண்ணீர் விடுவதை விடியற்காலைக்கு மாற்றிப் பாருங்கள்.

புல்தரையில் சின்னச் சின்னக் குழியாகத் தோண்டி வைக்கிறது. அங்கே நான் உரமே போடவில்லையே?

புல்லின் வேரைத் தின்னும் வெண்புழுக்கள் இருக்கும். ஒரு கை அகலத்துக்குப் புல்லைப் பெயர்த்துப் பாருங்கள், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு கிடைத்தால் அதுதான் காரணம். அந்தப் புழுவைக் கொல்லும் நூற்புழு (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புழு) கலந்த கரைசலை, மண் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது ஊற்ற வேண்டும். புழு போனால் தோண்டலும் நின்றுவிடும்.

வேலி எவ்வளவு உயரம் வேண்டும்? ஐந்தடிச் சுவரையே தாண்டி வந்துவிட்டது.

ஐந்தடி அதற்கு ஒன்றுமே இல்லை. கம்பிவலையில் கால் வைத்து ஏறும், மரப்பலகையில் ஓடி வந்து தாவும். முழு வேலி போடுவதென்றால் குறைந்தது 2 மீட்டர் உயரம் வேண்டும். அதற்கு மேல் 30 சென்டிமீட்டராவது வெளிப்பக்கமாகச் சாய்ந்த வலை வேண்டும், தலைக்கு மேல் வலை நீட்டிக்கொண்டிருந்தால் ஏறி வரும் நரியால் தாண்ட முடியாது. அடியில் வலையை வெளிப்பக்கமாக மடக்கி, தரை மேல் 40 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரப்பி, மேலே மண்ணோ கல்லோ போட்டு மூடுங்கள். நரி எப்போதும் வேலியின் அடியை ஒட்டித்தான் தோண்டும். அங்கே வலை தட்டுப்பட்டால் இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

கேட்டின் கீழ் இடுக்கையும் அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் இருந்தாலே உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும்.

ஆனால் தோட்டம் முழுக்க வேலி போடச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. நரி எதைத் தேடி வருகிறதோ அதை மட்டும் காப்பாற்றினால் போதும். ஸ்ட்ராபெரிப் பாத்தி, திராட்சைப் பந்தல், கோழிக்கூடு என்று இடத்தைச் சுருக்கிக்கொண்டால் வேலையும் செலவும் பாதியாகும். ஒரு பாத்தியைச் சுற்றித் தரையிலிருந்து 15, 30 சென்டிமீட்டர் உயரங்களில் இரண்டு மின்வேலிக் கம்பி போட்டாலே ஈர மூக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அதற்கென்று விற்கும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கம்பியில் புல் உரசினால் அதிர்ச்சி குறைந்துவிடும், வாரம் ஒருமுறை வெட்டிவிடுங்கள்.

அம்மா, கூட்டிலிருந்த எல்லாக் கோழியையும் கொன்றுவிட்டு ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இவ்வளவு வன்மமா?

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, நானும் அந்தக் காலையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது வன்மம் இல்லை. காட்டில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றதெல்லாம் பறந்துவிடும். கூட்டில் பறக்க வழியில்லை, கண் முன்னால் படபடவென்று சிறகடித்துக்கொண்டே இருக்கின்றன. அசைவதைக் கடிக்கும் உணர்ச்சி அடங்குவதே இல்லை. கிடைத்ததையெல்லாம் கொன்று, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் மண்ணில் புதைத்துப் பின்னால் தின்பதுதான் அதன் வழக்கம். பொழுது விடிந்து ஆள் நடமாட்டம் வந்ததால் பாதியில் விட்டிருக்கும். மீதிக்கு இன்று ராத்திரியே திரும்பி வரும், எச்சரிக்கையாக இருங்கள்.

என் கூட்டில் நடந்த தப்பு இது. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை அடித்திருந்தேன். அது கோழியை உள்ளே வைக்கும், நரியை வெளியே நிறுத்தாது. பல்லால் இழுத்தே பிய்த்துவிட்டது. ஓட்டை என் இரண்டு உள்ளங்கை அகலம்தான், பிய்ந்த கம்பி நுனியில் செம்பழுப்பு ரோமம் ஒட்டியிருந்தது. இப்போது 12 மில்லிமீட்டர் சதுரக் கண் உள்ள வெல்டு வலை போட்டிருக்கிறேன். ஆணியில் நிறுத்தாமல், வாஷர் வைத்து ஸ்குரூ முடுக்கியிருக்கிறேன். கூரையும் மூடியாயிற்று. திருகிவிடும் மரக்கட்டைத் தாழ் வேண்டாம், மூக்கால் தள்ளியே திறந்துவிடும். கொண்டியில் கொக்கி மாட்டுங்கள். எல்லாவற்றையும்விட, அந்தி மங்குவதற்குள் கதவை அடையுங்கள். அரைமணி தள்ளிப்போன ஒரே ஒரு நாள் போதும்.

மிளகாய்த்தூள், பாச்சை உருண்டை, மனித மூத்திரம், விளக்கு, கேளா ஒலிக் கருவி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

பாச்சை உருண்டையை மண்ணில் போடவே கூடாது, அது விஷம். குழந்தை வாயில் போட்டுவிட்டால் பெரிய ஆபத்து. மிளகாய்த்தூள் ஒரு மழைக்குத் தாங்காது, காற்றில் உங்கள் கண்ணிலேயே விழும். விளக்கும் ஒலிக் கருவியும் என் தோட்டத்தில் ஒரு வாரம் தாக்குப்பிடித்தன, அப்புறம் அந்த விளக்கு வெளிச்சத்திலேயே நின்று உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தது. மூத்திரமும் வாசனைத் தெளிப்புகளும் சில இடத்தில் வேலை செய்யும், விடாமல் திரும்பத் திரும்பப் போட வேண்டும். நான் பார்த்ததில் உருப்படியானது, அசைவைக் கண்டு தண்ணீரைப் பீய்ச்சும் சென்சார் தெளிப்பான். வாரம் ஒருமுறை அதை இடம் மாற்றி வையுங்கள்.

கொட்டகைக்கு அடியில் குட்டி போட்டிருக்கிறது போல, கீச்சுக் குரல் கேட்கிறது. வளையின் வாயை அடைத்துவிடலாமா?

அடைக்காதீர்கள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் குட்டிகள் உள்ளே பசியில் செத்துவிடும், தாயோ பலகையைப் பிய்த்தாவது உள்ளே வரப் பார்க்கும். குட்டிகள் நாலைந்து வாரத்தில் வளைக்கு வெளியே தலை காட்டும், இரண்டு மூன்று மாதத்தில் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். வருஷத்துக்கு ஒரு ஈற்றுதான். என் விறகுக் கொட்டகைக்கு அடியிலும் ஒரு வருஷம் நாலு குட்டிகள் இருந்தன. விடியற்காலையில் என் பழைய கையுறைக்காக அவை இழுபறி போட்டதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். அவசரமாகக் கிளப்ப வேண்டும் என்றால், பகலில் அந்தப் பக்கம் அடிக்கடி நடந்து பேச்சுக்குரல் கொடுங்கள். தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு வளைக்குப் போய்விடும்.

எல்லாம் போன பிறகு வளை வாயில் காய்ந்த சருகைத் தளர்வாகத் திணித்து வையுங்கள். நாலைந்து நாள் அசையாமல் இருந்தால் காலி என்று அர்த்தம். அப்போது சுற்றிலும் வெல்டு வலை இறக்கி மூடலாம்.

பிடித்து எங்காவது தூரத்தில் விட்டுவிட்டால் என்ன? விஷம் வைத்தால்?

இரண்டும் வேண்டாம். பழக்கமில்லாத இடத்தில் விட்டால் அங்கே இருக்கும் நரிகள் துரத்தும், இரை தேடவும் தெரியாமல் தவிக்கும். இங்கே காலியான இடத்துக்குச் சில வாரத்தில் இன்னொரு நரி வந்துவிடும். விஷம் பல நாடுகளில் குற்றம். பக்கத்து வீட்டு நாய், பூனை, செத்த இரையைத் தின்னும் பருந்து எல்லாம் அதில் சாகும்.

பூனையும் சின்னக் குழந்தையும் இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

வளர்ந்த பூனையிடம் நரி பொதுவாக வம்புக்குப் போகாது. முயல், கினிப்பன்றி இருந்தால் கோழிக்குச் சொன்ன அதே கூண்டு வேண்டும். நரி மலத்தில் புழு முட்டைகள் இருக்கலாம், கையுறை போட்டு அள்ளி எடுங்கள். தரையோடு விளையும் காய், கீரை, பழத்தை நன்றாகக் கழுவித் தின்னுங்கள். நாய் இருந்தால் அதற்குக் குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் தவறக்கூடாது. நரி கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வெறிநோய் விஷயத்தில் ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது.

சொட்டுநீர்க் குழாயைக் கடித்து வைக்கிறது, செருப்பும் காணவில்லை. தண்ணீர்த் தாகமா?

தாகமாகவும் இருக்கலாம், குட்டிகள் பல் விளையாட்டுக்குக் கடித்ததாகவும் இருக்கலாம். குழாயை மண்ணில் 5 சென்டிமீட்டர் ஆழம் புதைத்துவிடுங்கள். செருப்பை ராத்திரி உள்ளே எடுத்து வையுங்கள். காணாமல் போனதை வேலியோரப் புதரில் தேடிப் பாருங்கள், என்னுடையது அங்கேதான் கிடந்தது.