இறுதி நாட்களில் தொண்டையில் எழும் கரகர ஒலி: உறிஞ்சுகுழாய் தேவையா?

உங்கள் தந்தையின் தொண்டையில் தேங்கிய சளியை உறிஞ்சுகுழாய் விட்டு இழுத்து எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். இரண்டு நாட்களாகக் கண் திறக்காமல் இருக்கும் அவருடைய தொண்டையில் மூச்சுக்கு மூச்சு எழுவதாக நீங்கள் எழுதியிருக்கும் கரகர ஒலி, அவருக்கு மூச்சு முட்டுகிறது என்பதற்கான அடையாளமன்று. பெரும்பாலும் அதைக் கேட்டுத் தவிப்பவர்கள் அருகில் இருப்பவர்களே.

நினைவு மங்கியவரால் எச்சிலை விழுங்கவோ சளியை இருமி வெளியேற்றவோ முடிவதில்லை. தொண்டையில் தேங்கிய அந்த நீரின் ஊடே காற்று போய்வருவதால்தான் ஒலி எழுகிறது. குழாயை உள்ளே விட்டால் ஆழத்தில் உள்ளது வராது, தொண்டைதான் புண்ணாகும்.

ஒலியை விட்டு முகத்தைக் கவனியுங்கள். புருவம் நெரியாமல், விரல்கள் போர்வையைப் பற்றி இழுக்காமல் இருந்தால் அவர் அமைதியாக இருக்கிறார் என்று கொள்ளலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தலையைச் சற்று உயர்த்தி அரை மணி நேரம் பாருங்கள். பல வேளைகளில் இதுவே போதும். நரம்புவழி நீர் ஏறிக்கொண்டிருந்தால் அதைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த ஒலிக்குப் போடும் ஊசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், எச்சில், சளி சுரப்பைக் குறைக்கும் ஸ்கோபொலமைன் பியூட்டைல்புரோமைடு என்ற மருந்தை ஊசியாகப் பெற்றவர்களில் 13 விழுக்காட்டினருக்கும், மருந்தற்ற ஊசி பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் இந்த ஒலி எழுந்தது. ஆனால் அது ஒலி தொடங்கும் முன்பே கொடுக்கப்பட்டது; ஏற்கெனவே தேங்கியதை அது வற்றச்செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காய்ச்சலோ, துர்நாற்றமுள்ள சளியோ, முகச்சுளிப்புடன் கூடிய வேகமான மூச்சோ இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். உடனே செவிலியரை அழையுங்கள்.